எங்கள் கிணற்று நல்ல தண்ணீர்

1934 ஆகஸ்ட் 3, ஆம்பூர்
இன்றும் என் வீட்டுக்காரருக்குக் குளிர்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. போர்வை, ஜமக்காளம் எல்லாம் போட்டும் கட்டில் ஆடுகிறது. நேற்று எழுந்து தோல் பதனிடும் ஷாப்புக்குப் போய்ச் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தார், இன்று இப்படி. என் வகுப்பிலும் பாதிப் பெஞ்சு காலி. தெருவில் காய்ச்சல் இல்லாத வீடு இல்லை.

ஆகஸ்ட் 7
சுகாதார இன்ஸ்பெக்டர் முனீர் அகமது வந்தார். எங்கள் கிணற்றில் ஒரு வாளி இறைத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றினார்.
"டீச்சரம்மா, இங்க பாருங்க."
நூல் துணுக்குகள் போல, நீர்மட்டத்தில் படுத்தபடி கிடந்தன. கை நிழல் பட்டதும் நழுவி ஓடின. கொசுப் புழுக்கள்.
"சாக்கடைக் கொசு வேற. இந்தக் காய்ச்சல் கொசு நல்ல தண்ணியிலதான் முட்ட வைக்கும். இந்தத் தெருவுல நல்ல தண்ணி உங்க கிணறு ஒண்ணுதானே?"
புழு சாக மண்ணெண்ணெய் ஊற்ற அனுமதி கேட்டார். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.
எப்படிச் சம்மதிப்பது? ஷாப்புக் கழிவு இறங்கி மற்ற கிணறெல்லாம் உப்பும் கசப்புமாகிவிட்டது. இதை விட்டால் பாலாற்று மணலில் ஊற்று தோண்டத்தான் போக வேண்டும். என் வீட்டுக்காரர் தன் கையால் வெட்டிய கிணறு. தெருவே வந்து மொண்டு போகும்போது எனக்கு எவ்வளவு பெருமை!

ஆகஸ்ட் 8
கோபம் அடங்கவில்லை. எங்கள் தண்ணீரையா குறை சொல்வது?

ஆகஸ்ட் 12, ஞாயிறு
எதிர்வீட்டு ரங்கம்மாளின் மருமகள் முனியம்மாவுக்கும் காய்ச்சல். ஏழு மாத வயிறு. காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்தார்களா என்று கேட்டேன்.
"கசக்குதுன்னு துப்பிட்றா டீச்சரம்மா. உங்க கிணத்துத் தண்ணி மட்டுந்தான் உள்ள எறங்குது" என்று குடத்தை நிரப்பினாள் ரங்கம்மாள்.
தட்டில் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16
முனியம்மா போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையும்.

ஆகஸ்ட் 17
எந்தக் கொசு கடித்ததென்று யார் கண்டது? ஆனாலும் — ஐயோ, என் கிணத்துலேர்ந்து போனதா? அன்னிக்கே ஊத்துங்கன்னு சொல்லியிருந்தா?
அவரிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "ஊத்தச் சொல்லிடு" என்றார்.

ஆகஸ்ட் 18
நானே இன்ஸ்பெக்டரைத் தேடிப் போனேன். "நான் வந்த அன்னிக்கே ஊத்தியிருந்தாலும் அந்தப் பொண்ணு பொழச்சிருக்கும்னு சொல்ல முடியாதும்மா. அதுக்கு முன்னாடியே ரத்தத்துல ஏறியிருக்கும்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ, உண்மையோ. இரண்டானாலும் மனம் ஆறவில்லை.
எண்ணெய் ஊற்றினால் தண்ணீர் குடிக்க ஆகாது; வேறு வழி பார்க்கலாம் என்றார். புழுவைத் தின்னும் மீன் விடுவதாம்.

ஆகஸ்ட் 20
இன்ஸ்பெக்டர் பானையில் மீன் கொண்டுவந்தார். விரல் நீளம்கூட இல்லை. பெண்கள் கூடிவிட்டார்கள். எதற்கு மீன் என்று அவர் விளக்கிச் சொல்ல, ரங்கம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அப்ப உனுக்கு மொதல்லயே தெரியுமா?"
தெரியும் என்றேன்.
"எம் பொண்ணத் துன்ன கெணறு! இதுல மீன் வேற வளக்கிறியா?" வெறுங்குடத்தோடு திரும்பிப் போனாள். பெண்களும் பின்னாலேயே போய்விட்டார்கள்.
மீனை விட்ட பிறகு ஒரு செம்பு இறைத்துக் குடித்தேன். வாடை ஏதும் இல்லை. பார்க்கத்தான் யாரும் இல்லை.

ஆகஸ்ட் 29
எல்லோரும் ஆற்றுக்குப் போகிறார்கள். இந்த வெயிலில் ரங்கம்மாளும். ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

செப்டம்பர் 19
தட்டில் ஒரு புழுவும் இல்லை. இன்ஸ்பெக்டர் மூன்று முறை இறைத்துப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார். என் வீட்டுக்காரருக்கும் காய்ச்சல் விட்டிருக்கிறது — கொயினாவாலா, மீனாலா, தெரியாது. இரண்டு வீட்டார் தண்ணீருக்கு வர ஆரம்பித்திருக்கிறார்கள்.

அக்டோபர் 5
காலையில் ரங்கம்மாள் வந்தாள். கயிற்றை விட்டு விலகி நின்றேன்.
வாளியில் ஒரு மீன் வந்துவிட்டது. வீசி எறிவாள் என்று நினைத்தேன். குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாளியை மெல்ல உள்ளே இறக்கினாள்.
"போ. போய் உன் வேலயப் பாரு."
மீனிடம்தான் சொன்னாள். மறுபடி இறைத்துக் குடத்தை நிரப்பினாள். இடுப்பில் ஏற்றும்போது தடுமாறினாள். நான் ஒரு கை பிடித்தேன்.
தட்டிவிடவில்லை.