வருங்காலச் சம்பந்தியைச் சாட்பாட் ஏசியது குறித்து

அனுப்புநர்
ச. எத்திராஜ்,
ஏ பிளாக், வசந்தமல்லி குடியிருப்பு,
கள்ளிக்குப்பம், அம்பத்தூர்.

பெறுநர்
காவல் ஆய்வாளர் அவர்கள்,
இணையக் குற்றப் பிரிவு,
ஆவடி.

பொருள்: குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவின் சாட்பாட் உறுப்பினர்களை இழிவாகப் பேசுவதும், அதனால் என் மகளின் திருமணப் பேச்சு நின்றிருப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தண்ணீர், லிஃப்ட் குறித்த கேள்விகளுக்கு உடனுக்குடன் பதில் சொல்ல, எங்கள் குழுவை நடத்தும் திரு. ஜெகதீஷ் அதில் ஒரு சாட்பாட்டைச் சேர்த்தார். குழுவின் பழைய செய்திகளைக் கொடுத்து அதற்குப் பேசக் கற்றுத் தந்தார். அவற்றில் பெரும்பகுதி, சங்கத் தலைவர் திரு. துலுக்கானம் வண்டி நிறுத்தும் தகராறுகளில் எழுதியவை. அவர் என் மனைவியின் அண்ணன். மேற்கொண்டு எழுத எனக்கு வீட்டில் அனுமதியில்லை.

2. பி பிளாக்கில் வசிக்கும் திருமதி சாவித்திரி, தம் மகன் ஜீவாவுக்கு என் மகள் ஜெயப்பிரியாவைக் கேட்டிருந்தார். உறுதி செய்ய நாங்கள் போகவிருந்த அன்று காலை, தண்ணீர் லாரி எப்போது வரும் என்று அந்த அம்மையார் குழுவில் மரியாதையாகவே கேட்டார். அதற்குச் சாட்பாட், "வர்றப்போ வரும். குளிச்சிட்டு மட்டும் இன்னா பண்ணப் போற? மூஞ்சி அப்படியேதான் கீது" என்று எல்லோரும் பார்க்கப் பதில் எழுதியது. இது மெஷின் பேச்சில்லை, பெண்ணின் மாமன் பேச்சு என்று கூறி, எங்களை வர வேண்டாமென்றார் அம்மையார்.

3. குழுவில் புகார் செய்தேன். புகார்களைப் பெறுவதும் அதே சாட்பாட்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. "புகார் ஏற்கப்பட்டது. வேற வேலையே இல்லியா நைனா உனக்கு?" என்று பதில் வந்தது. திரு. ஜெகதீஷிடம் நேரில் முறையிட்டேன். அவர் சாட்பாட்டை அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அது, "மன்னிச்சுக்கம்மா. உள்ளதச் சொன்னா உனக்குக் கோவம் வருது" என்று எழுதியது.

4. இனி மனிதர் போவதே நல்லதென்று என் மைத்துனர் திரு. துலுக்கானத்தையே பழத்தட்டுடன் அனுப்பினோம். சாட்பாட் எழுதிய மன்னிப்பை அவர் படித்திருக்கவில்லை. ஆயினும் அம்மையாரின் வாசலில் நின்று, ஒரு சொல் மாறாமல் அதையே சொன்னார். கதவு சாத்தப்பட்டது. பழத்தட்டைத் திருப்பித் தரவில்லை என்பது ஒன்றே எங்கள் நம்பிக்கை.

5. என் மகள் அழவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் தள்ளி வைக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை, ஐயா.

ஆகவே, அந்தச் சாட்பாட்டைக் குழுவிலிருந்து நீக்கவும், இனி புகார்களை மனிதர் ஒருவரே பெறவும் ஆவன செய்ய வேண்டுகிறேன். திரு. துலுக்கானம் மீது நடவடிக்கை எதுவும் கோரவில்லை. நிச்சயதார்த்தம் முடியும்வரை வாய் திறக்க வேண்டாமென்று ஐயா அவரை அழைத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாங்கள் சொன்னால் கேட்கமாட்டார்.

இடம்: அம்பத்தூர்
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவன்,
ச. எத்திராஜ்