தாய்மாமன் சொல்ல வேண்டிய வார்த்தை

மத்திகிரி,
கால்நடைப் பண்ணைக் குடியிருப்பு,
ஓசூர் தாலுகா, சேலம் ஜில்லா.
ஆவணி மாதம், 1957

தேச சேவையில் எல்லையோரம் நிற்கும் சிரஞ்சீவி வெங்கடப்பனுக்கு, உன் அன்னை நாராயணம்மாள் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது யாதெனில், முதற்கண் தாமதத்துக்கு என்னை மன்னித்தருள வேண்டும். நீ ஆனியில் எழுதிய கடிதத்துக்கு ஆவணியில் பதில் எழுதுகிறேன். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதித் தருகிறவள் பெற்ற பிள்ளைக்கு எழுதச் சோம்புகிறாள் என்று உன் அப்பா நித்தம் ஒரு முறை என்னைக் குத்திக் காட்டாமல் சோற்றில் கை வைப்பதில்லை. சோம்பல் அன்று, மகனே. எழுத வேண்டிய விஷயம் முடிவுக்கு வராமல் இழுத்துக்கொண்டே இருந்தது. இன்றும் வரவில்லை. அது உன்னால்தான் முடிய வேண்டும் என்பதனால் இப்போது உட்கார்ந்தேன்.

எங்கள் எல்லோருக்கும் உடம்பு சுகம். உன் சுகத்தைப் பற்றி நீ ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவது எனக்குப் போதவில்லை. இருமல் நின்றதா, கோதுமை ரொட்டி வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா, இரவில் போர்த்திக்கொள்ள இரண்டு கம்பளி கொடுக்கிறார்களா, இவற்றை விவரமாக எழுதவும். அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் பண்ணைக்குப் போகாமல் இருக்கமாட்டேன் என்கிறார். தான் போகாவிட்டால் சினைப் பசுக்கள் கோபித்துக்கொள்ளுமாம். என் மேல் அந்தப் பயம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. உன் தங்கை காவேரியின் பிள்ளை நன்றாக நடக்கிறான். சுவரில் மாட்டிய உன் ராணுவப் படத்தைக் காட்டி மாமா என்று சொல்லிக்கொடுத்தோம். அதனால் வந்த வினை, காக்கி உடுத்தியவர் யாராயிருந்தாலும் அவனுக்கு மாமாதான். தபால்காரரும் மாமா, ஓசூர் பஸ் கண்டக்டரும் மாமா. உன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும் என்று காவேரி காத்திருக்கிறாள். அதுவரை முடியும் எடுக்கவில்லை, பெண் குழந்தை போலச் சடை தொங்குகிறது.

நம் காவேரியின் புருஷன், உன் மைத்துனர் தீர்த்தகிரியைக் கொன்ற வழக்கில் ஜட்ஜ் எதை வைத்துத் தீர்ப்பளித்தார், ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். தந்தியில் அடங்காததை இதில் எழுதுகிறேன். காவேரி வாழ்க்கைப்பட்ட ஊரின் எருது விடும் விழாவில் பெரிய வீதிக் காளைகள் கொம்பில் வண்ணத் துணி சுற்றிய மூங்கில் தட்டி கட்டிக்கொண்டு முதலில் ஓட வேண்டும், நம் ஜனங்களின் காளைகள் வெறுங்கொம்போடு கடைசியில் ஓட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். தீர்த்தகிரி தன் காளைக்குத் தட்டி கட்டி, கொம்பு நுனிகளில் பித்தளைக் குப்பி மாட்டி, நடுவிலே விட்டதும், அது எல்லாவற்றையும் முந்தியதும் நீ அறிந்தவை. அன்று மாலை ஏரிக்கரையில் நால்வர் அவரை மடக்கினார்கள். தட்டியைப் பிய்த்தார்கள், மாலையை அறுத்தார்கள், பிறகு அவரையும் தீர்த்துவிட்டு, அவருடைய காளையே அவரைக் குத்திக் கொன்றது என்று ஊரைக் கூட்டிச் சொன்னார்கள். ஆத்திரத்தில் தட்டியைப் பிய்த்தவர்களுக்குக் குப்பிகள் கண்ணில் படவில்லை. உருண்டை முனைக் குப்பி மாட்டிய கொம்பு கத்தி இறங்கியது போல எப்படி இறங்கும் என்று ஜட்ஜ் கேட்டபோது, அவர்களுடைய வக்கீல் தம் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நால்வரும் குற்றவாளிகள் என்றார் ஜட்ஜ். மூவருக்கு ஆயுள் தண்டனை. கத்தி பிடித்த கை திம்மராயனுடையது என்று அவனுக்குத் தூக்கு. காவேரி அழவில்லை. என் முந்தானையின் நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

கோர்ட்டுக்கு வெளியே நம் ஜனங்கள் அப்பாவைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள், அவர் முழங்காலைக் காட்டித் தப்பித்துக்கொண்டார். கிருஷ்ணகிரியில் பஸ் மாறும்போது, மாம்பழக் கூடைக்காரி ஒருத்தி காவேரியின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, மடி நிறையப் பழத்தைப் போட்டு, காசு வாங்காமல் போய்விட்டாள். அதே பஸ்ஸில் குடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், மாட்டுச் சண்டைக்கெல்லாம் தூக்கு என்றால் நாட்டில் ஆண்பிள்ளையே மிஞ்சமாட்டான், இந்தச் சர்க்கார் இவர்களுக்கு ரொம்ப இடம் கொடுக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கண்டக்டர் அவரிடம், இடமா, ஐயா, பஸ்ஸிலே எல்லோருக்கும் ஒரே டிக்கெட்தான், உங்கள் குடைதான் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றாரே பார்க்கலாம். பஸ் முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது பக்கத்து வீட்டு ராஜாத்தி வெடிச்சரமும் தப்பட்டையும் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். காவேரி அவளைப் பார்த்து, வெடிச் சத்தத்துக்கு அவர் எழுந்து வருவாரென்றால் வை அக்கா, நானே திரி கிள்ளித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்பா அந்தச் சரத்தை எடுத்து மாட்டுத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்திவிட்டார். நீ முகாமில் ஜிலேபி வழங்கியதாக எழுதியிருந்தாய். உன்னைக் கடிந்துகொள்ளவில்லை, கண்ணே. தோளோடு தோள் சேர்ந்து வளர்ந்தவனை இழந்து, எங்கோ குளிரில் தனியாகக் கிடந்து, நீதி கிடைத்தது என்று கேட்டால் எந்த மனம்தான் துள்ளாது. இங்கே நடந்ததை நீ அறிய வேண்டும் என்பதற்காகவே எழுதினேன்.

ஓசூர்ச் சந்தையில் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிட்டது. முன்பு முகம் பாராதவர்கள் சிலர் இப்போது அப்பாவுக்கு வணக்கம் சொல்கிறார்கள். முன்பு சிரித்துப் பேசிய எண்ணெய்க் கடைக்காரர், சரக்கு எதிரே இருக்கும்போதே எண்ணெய் தீர்ந்துபோயிற்று என்கிறார். அந்த ஊரில் வரும் வருஷம் விழா கிடையாதாம். உங்களால் விழா நின்றுபோயிற்று என்று ஒருவர் சந்தை நடுவே கேட்டபோது, அப்பா கன்னடத்திலேயே, விழா அடுத்த வருஷம் வரும் சுவாமி, எங்கள் மாப்பிள்ளை எந்த வருஷம் வருவார் என்று சொல்லுங்கள் என்றாராம். அதற்குப் பிறகு அந்த மனிதர் அப்பாவைக் கண்டால் வேறு வரிசையில் போய் மிளகாய் வாங்குகிறார். சென்னை ஹைகோர்ட்டும் சென்ற மாதம் தீர்ப்பை உறுதி செய்துவிட்டது. இனிக் கவர்னருக்குக் கருணை மனு ஒன்றுதான் பாக்கி. அங்கேதான் உன் விஷயம் வருகிறது.

சென்ற வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் திம்மராயனின் தாய் கெம்பம்மாள், துணைக்கு ஒருவருமில்லாமல் நடந்தே நம் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். நம் தெருவில் அவள் கால் பட்டது அதுவே முதல் தடவை. பலகை போட்டேன், அவள் தரையிலே உட்கார்ந்தாள். மோர் கொடுத்தேன். வேடிக்கை பார்க்க வந்த ராஜாத்தி, என்ன பெரிய வீட்டம்மா, எங்கள் வீட்டு மோர் உன் தொண்டையில் இறங்குமா, இல்லை வழியிலேயே நின்றுகொள்ளுமா என்று கேட்டாள். கெம்பம்மாள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் இருந்தால் ஊற்றம்மா என்றாள். ராஜாத்திதான் எழுந்து போய் ஊற்றினாள். பிறகு கெம்பம்மாள் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். வக்கீல் குமாஸ்தா எழுதித் தந்த கருணை மனு. இறந்தவரின் மனைவி அதில் கையெழுத்திட்டால் கவர்னர் மனம் இரங்குவார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வாய்விட்டுப் படித்தேன். என் கணவர் காளை முட்டியே இறந்தார் என இப்போது உணர்கிறேன் என்று காவேரியின் வாயில் ஒரு வாக்கியத்தை வைத்திருந்தார்கள்.

காவேரி ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே, வாயில்லாத ஜீவன் மேல் பழி போட்டுத்தான் உன் பிள்ளை உயிர் பிழைக்க வேண்டுமா என்றாள். கெம்பம்மாள் கன்னடத்தில் அழுதாள். நீயும் ஒரு பிள்ளை பெற்றவள், நீயும் ஒரு பிள்ளை பெற்றவள் என்று அதையே சொன்னாள். காவேரி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அதெல்லாம் இருக்கட்டும், உன் பிள்ளை குத்தினானா இல்லையா, ஒரு தடவை உன் வாயால் சொல் என்று கேட்டாள். கெம்பம்மாள், அன்று ராத்திரி அவன் சட்டையைத் துவைத்துப் போட்டவள் நான், எனக்குத் தெரியாதா மகளே என்றாள். வெங்கடப்பா, கோர்ட்டில் அத்தனை சாட்சிகள், அத்தனை வக்கீல்கள். அந்தப் பெரிய வீதியிலிருந்து உண்மை என்று எங்கள் காதில் விழுந்தது அந்த ஒரு பேச்சுதான்.

அந்தக் காகிதத்தை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டு, நான் காவேரியின் பேரில் வேறொரு விண்ணப்பம் எழுதினேன். மாட்சிமை தங்கிய கவர்னர் அவர்களின் சமூகத்துக்கு என்று தொடங்கி, திம்மராயன் என் கணவரைக் கொன்றான் என்பதும், இவ்வழக்கில் அளித்த தீர்ப்பு நியாயமானது என்பதும் சத்தியம், ஆயினும் அவன் உயிரை எடுக்காமல் ஆயுள் முழுதும் சிறையில் வைக்கும்படி அவனைப் பெற்றவளும் நானும் சேர்ந்து வேண்டிக்கொள்கிறோம் என்று முடித்தேன். இதற்குமுன் எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன், இதைப் போல எனக்குக் கை கனத்ததில்லை. படித்துக் காட்டினேன். இதைக் கொண்டுபோனால் வீட்டு ஆண்கள் என்னைச் சேர்க்கமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே கெம்பம்மாள் கட்டைவிரல் ரேகை வைத்தாள். காவேரி வைக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நாளை இந்தப் பிள்ளை வளர்ந்து, என் அப்பனைக் கொன்றவனை ஏன் அம்மா விட்டாய் என்று கேட்டால், பதில் சொல்ல நான் ஒருத்தி போதாது, அவனுடைய தாய்மாமனும் என் பக்கத்தில் நிற்க வேண்டும், என் அண்ணன் சரி என்றால் கையெழுத்துப் போடுகிறேன், வேண்டாம் என்றால் காகிதம் அடுப்புக்குப் போகட்டும் என்றாள்.

அப்பாவின் கருத்தைக் கேட்டால், தாலி இழந்தவள் பெண், மடி கொடுக்க வேண்டியவன் பையன், நடுவில் நான் யார் என்று மாட்டைத் தடவப் போய்விடுகிறார். நம் தெருவில் பலருக்கு இது பிடிக்கவில்லை. எத்தனையோ தலைமுறைக்கு ஒருமுறை நமக்கென்று ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது, அதையும் கையாலேயே கரைக்கப் பார்க்கிறாயா என்று என்னிடம் நேரிலேயே கேட்டார்கள். அவர்கள் கேட்பதில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். என் எண்ணம் என்னவென்று நீ கேட்பாய். அதை எழுதினால் அது தாயின் கட்டளையாகி உன் கையைக் கட்டிவிடும், ஆகையால் எழுதவில்லை. நீ எந்தப் பதில் எழுதினாலும் என் பிள்ளைதான், உன் பேரில் எனக்குள்ள வாஞ்சையில் ஒரு துளியும் குறையாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஜிலேபி தின்ற அன்றைய மனதோடும் எழுதாதே, அம்மா மெச்ச வேண்டும் என்றும் எழுதாதே. காவல் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, தீர்த்தகிரியை ஒருமுறை நினைத்துக்கொண்டு எழுது.

குலதெய்வம் உன் உயிருக்கும் உடம்புக்கும் காவல் நிற்கட்டும். மேலதிகாரிகள் சொல் தட்டாமல், கூட இருப்பவர்களுக்கு உதவியாக, நல்ல பெயரோடு நீ நீடூழி வாழ்வாயாக. இத்துடன் சுக்கும் அதிமதுரமும் இடித்துத் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன், இருமலுக்கு வெந்நீரில் போட்டுக் குடிக்கவும், நண்பர்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிடாதே. தூக்குக்கு நாள் குறிப்பதற்குள் மனு சென்னைக்குப் போய்ச் சேர வேண்டுமாம். கெம்பம்மாள் நித்தமும் தபால் வரும் வேளைக்கு நம் தெரு முனை வரை வந்து நின்றுவிட்டுப் போகிறாள். சரி அல்லது வேண்டாம், ஒரு வார்த்தை போதும். இக்கடிதம் கண்டவுடன் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அன்னை,
செ. நாராயணம்மாள்