தேன் குடித்த ஈக்கள்

யூஜிங்,
புத்தாண்டு ஐந்தாம் நாள்

என் செல்ல மகளுக்கு,

ஆய்வுக்கூடத்திலிருந்து நீ அனுப்பிய ஈக்கூட்டுப் பெட்டி போன மாதமே பத்திரமாக வந்தது. கூட்டை விட்டு வெளிவந்த பச்சை ஈக்களைப் பூத்திருந்த மாமரங்களுக்கு நடுவே விட்டேன். மகரந்தம் சேர்க்கும் ஈக்களை வரவழைக்க வருடா வருடம் தோப்பில் போடும் அழுகிய மீனை இந்த முறை போடவில்லை.

புத்தாண்டின் இரண்டாம் நாள் பாவ்சூ அத்தை வழக்கம்போல மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தாள். குறை சொல்ல நாற்றம் இல்லை என்றதும் உன்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஈ வயித்துல முட்டை எப்படி வளருதுன்னு பாக்குறாளே உன் மக, கல்யாணமாகி ஏழு வருஷமாச்சு, தன் வயித்தப் பாக்க நேரமில்லியாமா?”

உன் அம்மா தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். நான் அக்காவைத் தோப்புக்கு அழைத்துப்போனேன்.

“ஈரல் மாதிரி ஏதாவது தின்னாத்தான் பொட்ட ஈக்கு முட்டை முத்தும், அக்கா. இதுங்களுக்கு நான் சர்க்கரைத் தண்ணிதான் வச்சேன். மிச்சம் பூவுல இருக்குற தேன். ஒண்ணும் முட்டையிடல, ஆனா நல்லா நாள்பட இருக்குதுங்க. இந்தப் பிஞ்செல்லாம் இதுங்களாலதான் பிடிச்சுது.”

“யார் சொன்னா?”

“என் மக.”

அக்கா கிளையைத் தாழ்த்திப் பிஞ்சுகளை வெகுநேரம் பார்த்தாள். கிளம்பும்போது, “அடுத்த வருஷம் எனக்கும் ஒரு பெட்டி அனுப்பச் சொல்லு” என்றாள். உன் அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

பிள்ளை வேண்டாம் என்று நீ எழுதியிருந்த கடைசிப் பத்தியை இருவரும் படித்தோம். பழம் பழுக்கும்போது நீயும் மாப்பிள்ளையும் வாருங்கள். நீங்கள் இரண்டு பேர் வந்தாலே இந்த வீடு நிறைந்துவிடும்.

அப்பா