தேசிங்குக்கு நான் சொன்ன பதில்

2 ஆகஸ்ட் 1948, திங்கள்

புழுக்கம். ஓர் இலைகூட அசையவில்லை. காலையில் குடைக் கம்பியைச் சரிசெய்யப் போய் விரலில் குத்திக்கொண்டேன். கை நடுக்கத்துக்குப் பழி குடையின் மேல்.

மாலை மயிலாப்பூர். வக்கீல் சேஷாத்திரியின் ஆபீஸ் மாடி. குடியை விடுகிறவர்கள் சங்கம். போகாமல் தப்ப முடியாது. பள்ளி ஆண்டு விழாவில் நான் அறிக்கை வாசித்த லட்சணத்தைப் பார்த்துத் தலைமை ஆசிரியரான பாதிரியார் போட்ட நிபந்தனை: இந்த மாதம் முழுக்க லீவு, சங்கத்துக்குப் போக வேண்டும், ஒரு சொட்டும் தொடக் கூடாது. அப்படியானால் செப்டம்பரில் பூகோள வகுப்பு திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் பதினெட்டு வருஷ வேலை போயிற்று. அதுவரை மரியசெல்வமும் (இனி ம.) என்னோடு பேசுவதாக இல்லை. மனைவி என்று ஒருத்தி வீட்டில் இருப்பது தட்டு வைக்கும் சத்தத்தில் தெரிகிறது.

அங்கே இருந்தவர்கள்:

வக்கீல் (இனி வ.). குடியை விட்டு மூன்று வருஷமாம். பேச்சை விடவில்லை.

தங்கையா (இனி த.). திருநெல்வேலிப் பக்கம். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை. பெரிய உடம்பு, சின்னக் குரல், அதுவும் எப்போதாவது.

தேசிங்கு. பட்டினப்பாக்கத்தில் கட்டுமரம் போகிறவன். கதவருகில் உட்கார்ந்திருந்தான். மீன் வாடை.

இன்னும் நாலு பேர். முகம் ஞாபகமில்லை. குடிக்காத குடிகாரனுக்கு முகமே இருப்பதில்லை.

யுத்த காலத்தில் இங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் வ.விடம் டைப் அடித்த தாள்கள் சிலவற்றைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினானாம். அவன் நாட்டில் குடிகாரர்கள் கூடிப் பேசி, பன்னிரண்டு படிகளாக ஏறிக் குணமாகிறார்களாம். வ. அதைத் தமிழாக்கியிருக்கிறார். தமிழா அது? முதல் படியிலேயே மூன்று சந்திப்பிழை. பென்சிலால் திருத்திக் கொடுத்தேன். முகம் சுருங்கிற்று. அன்றைக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.

புறப்படும்போது தனியே கூப்பிட்டு, "உங்க சர்ச்சுல ஒயின் குடுக்கறாளாமே, அதை என்ன பண்றேள்?" என்றார். பாதிரியார் மட்டும்தான் குடிப்பார் என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டார்.

5 ஆகஸ்ட், வியாழன்

பிற்பகல் நாலு தூறல். மண் சூடு இன்னும் அதிகமாயிற்று.

வ. எனக்குக் கொடுத்த வீட்டுப்பாடம்: என் குற்றங்களை எல்லாம் ஒளிக்காமல் எழுதி வர வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு வீட்டுப்பாடம். எழுதினேன்:

1. முட்டாள்களிடம் பொறுமையில்லை.
2. பாதிரியாரின் பிரசங்கத்தில் தூங்குவது. (குற்றம் யாருடையது?)
3. மச்சினன் வந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவது.
4. இந்தச் சங்கம்.

கொண்டுபோகவில்லை.

இன்று கூட்டத்தில் சண்டை. தேசிங்கினால். அவனுக்குக் காபி கொடுத்தார்கள், டம்ளர் உதட்டுக்குப் போவதற்குள் பாதி வேட்டியில். ஐந்து வயதிலிருந்து அப்பனோடு கள்ளுக் குடித்தவன். போன மாதம் ஒரேயடியாக நிறுத்தப் பார்த்து வலிப்பு வந்து விழுந்தானாம். டாக்டர் ஒருவர், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி, அளவுக் கிளாசில் பிராந்தி காலையும் மாலையும், கூடவே ஒரு மருந்து, வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வா என்று அனுப்பியிருக்கிறார். இதை அவனே சொன்னான். நல்லது செய்தவன் மாதிரி சொன்னான்.

வ. எழுந்தேவிட்டார். டாக்டர் கொடுத்தாலும் சாராயம் சாராயம்தான், ஒரு துளி உள்ளே போனவனுக்கு இந்த வட்டத்தில் இடமில்லை, படிகள் அப்படித்தான் சொல்கின்றன என்றார். த. அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"மனுசன் சாவக் கெடக்கான். அவன்கிட்டப் போயி படிய எண்ணிக்கிட்டு இருக்கீரே."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். பின்னாலேயே இருவர். தேசிங்கு போவதா இருப்பதா என்று தெரியாமல் நடுவில் நின்றான். ஏழு குடிகாரர்களுக்கு இரண்டு மதம். லூத்தருக்குக்கூட இதைவிட அதிக நாள் பிடித்தது.

7 ஆகஸ்ட், சனி

த.வின் கடை மாடி. துணிப்பொதிகளுக்கு நடுவே பாய். தினமும் ஐந்திலிருந்து ஆறரை வரை. படி கிடையாது, தாள் கிடையாது. வருகிறவர்களுக்கு மோர். யாராவது பேசினால் கேட்கிறார்கள். பேசாவிட்டால் அதையும் கேட்கிறார்கள். ரயில் வராத ஸ்டேஷனில் பயணிகள் உட்கார்ந்திருப்பது போல.

அவருடைய தத்துவம் என்ன என்று கேட்டேன். "இன்னைக்குக் குடிக்கலல்லா, சார்வாள்? நாளைக்கு நாளைக்குப் பாப்போம்" என்றார். அவ்வளவுதான். இதற்கு ஒரு மாடி.

தேசிங்கு பொதியில் சாய்ந்து அரைமணி தூங்கினான். யாரும் எழுப்பவில்லை.

10 ஆகஸ்ட், செவ்வாய்

வெயில். ரேஷன் அரிசியில் கல். பல் ஆடுகிறது, இடது கீழ்.

இரண்டு இடத்துக்கும் போய்வருகிறேன். லீவில் இருக்கிறவனுக்கு இதைவிட நல்ல நாடகம் எங்கே கிடைக்கும்? வ.விடம் போய், த. கடையில் எல்லாரும் தூங்குகிறார்கள் என்றேன். "மடம் நடத்திண்டிருக்கான்" என்று சிரித்தார். த.விடம் போய், வ. தன் குற்றங்களையே அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து நம்பர் போட்டிருக்கிறார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மோர் வேண்டுமா என்று கேட்டார். அதுவும் எரிச்சல்.

திரும்பும்போது சாந்தோம் கோயில் எதிரே தேசிங்கு பிடித்துக்கொண்டான். எனக்காகவே காத்திருந்தானாம்.

"நீ படிச்சவரு சார். வக்கீலு அந்த மருந்தத் தொட்டா வராதன்றாரு. கடைக்காரரு டாக்டரு சொல்றத கேளுன்றாரு. இன்னா சார் பண்றது நானு?"

நின்று கேட்கப் பொறுமை இல்லை. வியர்வை, மீன் வாடை, பல்வலி. த.வாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும்; அதனாலேயே அதைச் சொல்லப் பிடிக்கவில்லை. வ.வின் முதல் சீடன் எத்தனை நாள் தாங்குகிறான் என்று பார்க்கும் ஆசையும் இருந்தது.

"வக்கீல் சொல்வதுதான் சரி. தூக்கி எறி" என்றேன்.

கும்பிட்டுவிட்டுப் போனான்.

13 ஆகஸ்ட், வெள்ளி

மாலை இடி மட்டும், மழை இல்லை.

ம. பேசினாள். மூன்று வார்த்தை: "பல்லுக்குக் கிராம்பு வெச்சிக்கங்க." கிராம்பும் மேசையில் இருந்தது.

வ.வின் முகத்தில் பிரகாசம். தேசிங்கு வந்தானாம், அளவுக் கிளாசைக் கடலில் எறிந்துவிட்டதாகச் சொன்னானாம். "பார்த்தேளா, பாமரன்! அவனுக்கு இருக்கிற திடம் படிச்சவாளுக்கு இல்லை." படிச்சவா என்றது என்னை.  நகரத்துக்கும் மதுவிலக்கு வரப்போகிறது, அப்புறம் சங்கமே தேவையில்லை என்றார் ஒருவர். கடைகளை மூடினால் தொண்டையும் மூடிக்கொள்ளும் என்று நினைக்கிறார்.

த. கடைக்கு தேசிங்கு வரவில்லை. வராதவனை த. இரண்டு முறை விசாரித்தார்.

15 ஆகஸ்ட், ஞாயிறு

மாதாவின் மோட்ச ராக்கினி திருநாளும் சுதந்திர தினக் கொடியேற்றும் ஒரே நாளில். கோயிலில் கூட்டம், தெருவில் கூட்டம், எங்கும் மிட்டாய்.

பூசை முடிந்து வெளியே வந்தால் தேசிங்கின் மனைவி கன்னியம்மா வாசலில் நிற்கிறாள். முக்காடு போட்ட எங்கள் பெண்களுக்கு நடுவே தலைவிரிகோலம். நேற்றுக் காலையிலிருந்து அவனுக்கு வலிப்பு மேல் வலிப்பு. நாக்கைக் கடித்துக்கொண்டான். சுவரில் பாம்பு என்று கத்தினான். கை ரிக்‌ஷாவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மருந்தை நிறுத்தச் சொன்னது யார் என்று டாக்டர் கேட்டாராம்.

"நீ சொன்னியாமே சார்? அது சொல்லுச்சு. படிச்ச சார் சொல்ட்டாருன்னு."

சண்டைக்கு வரவில்லை அவள். கேட்டாள், அவ்வளவுதான். டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

ம. பக்கத்தில் நின்றாள். பாதிரியார் பத்தடி தள்ளி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

"நான் இல்லை. வக்கீல்தான் சொன்னார்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அட்லஸ்களின் பின்னால் இருந்ததை எடுத்தேன். கால் பாட்டில். பகல் பதினொன்றரை. வெளியே பாண்டு வாத்தியம்.

16 ஆகஸ்ட், திங்கள்

எழுதக் கை ஓடவில்லை. மேகம். தலை.

பாட்டில் மேசைமேல் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ம. இஸ்திரி போட்ட சேலையில் பள்ளிக்குப் புறப்பட்டு நின்றாள். கான்வென்டில் குழந்தைகள் வகுப்பு அவளுக்கு.

"நான் ஃபாதர் கிட்ட சொல்ல மாட்டேன். மறைக்கவும் மாட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்க. அந்த மீன்காரம்மா கிட்ட சொன்ன மாதிரி சொல்லாதீங்க."

தெரிந்திருக்கிறது.  இருபது வருஷம் என் பொய்யைக் கேட்டவள்.

பிற்பகல் வ. வீடு. விஷயத்தைச் சொன்னேன். வெளுத்துப்போனார். ஆனாலும் வக்கீல்: "அவன் மனசார நிறுத்தலையோ என்னவோ. நான் என்ன பண்ணுவேன்? தாள்ல அப்படித்தானே இருக்கு."

தாளைக் கொடுங்கள் என்றேன். தமிழ் அல்ல, சிப்பாய் கொடுத்த இங்கிலீஷ் தாள். பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். நின்றபடியே முழுவதும் படித்தேன். மறுபடியும் படித்தேன். டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மருந்தைப் பற்றி இல்லை. வட்டத்தில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று எதுவும் இல்லை. அந்த வரி வ. தமிழாக்கும்போது தாமே சேர்த்தது. "கட்டுப்பாடா இருக்கட்டுமேன்னு" என்றார். உட்கார்ந்துவிட்டார். தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவரை என்ன வேண்டுமானாலும் திட்டலாம். இரண்டு வாரமாக அதே அறையில் உட்கார்ந்து சந்திப்பிழை திருத்தியவன் நான். மூலத்தைக் காட்டுங்கள் என்று ஒருநாள் கேட்டிருக்கலாம். அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கூட்டிப் படித்தார். இன்னொருவன் படிக்கவே இல்லை.

17 ஆகஸ்ட், செவ்வாய்

நேற்று ராத்திரி மழையாம். எனக்குத் தெரியாது.

காலை ஒன்பதுக்குத் தலைமை ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை குடித்தேன் என்றேன். ஏன் என்றார். கோயில் வாசலில் சொன்ன பொய்யையும் சொன்னேன்.  செப்டம்பரில் முடியாது, பூகோளத்தை வேறு ஒருவர் எடுக்கிறார், கிறிஸ்துமஸுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. வேறு ஒருவர் யார் என்று வராந்தாவில் கண்டேன். மத்தியதரைக் கடலை மத்தியத் தரைக்கடல் என்று உச்சரிக்கிறவர்.

ம.விடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். மத்தியானம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

18 ஆகஸ்ட், புதன்

மந்தாரம். டிராமில் பெரியாஸ்பத்திரி.

நீண்ட வார்டு. டெட்டால் வாடை. தேசிங்கின் கட்டிலருகே ஸ்டூலில் த. மூன்று நாளாகக் கடையை மூடும்வரை காத்திராமல் வந்துவிடுகிறாராம். கையில் ஒன்றுமில்லை, வாயில் பேச்சில்லை. என்னைப் பார்த்து நகர்ந்து கட்டில் ஓரத்தில் இடம் விட்டார்.

தேசிங்கு பாதியாகிவிட்டான். நாக்கு வீங்கியிருக்கிறது. கட்டிலோடு கட்டியிருந்த கைகளை இன்று காலைதான் அவிழ்த்தார்களாம், மணிக்கட்டில் தழும்பு. நல்ல நினைவோடு இருந்தான். பிழைத்துக்கொள்வான் என்று நர்ஸ் சொன்னாள்.

வரும் வழியெல்லாம் ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன். நல்ல வாக்கியம். வரவில்லை. "அன்றைக்கு உன்னிடம் தெரியாமல்தான் சொன்னேன், தேசிங்கு. எனக்கு ஒன்றும் தெரியாது" என்றேன்.

"தெரியும் சார். நீ வாய்க்கு வந்தத சொல்றன்னு அப்பவே தெரியும்."

பிறகு ஏன் எறிந்தாய் என்றேன்.

வார்த்தை வார்த்தையாகச் சொன்னான், நாக்கு வலிக்க: "வக்கீலு கூட்டத்துல குந்தணும்னு ஆச சார். அவரு எனக்கும் நாற்காலி போட்டாரு. எனக்கு எவன் நாற்காலி போட்டான்?"

த. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும்.

"நீ குட்ச்சியா சார்?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை என்றேன். அப்புறம்? அப்புறம் இல்லை என்றேன். விரல் விட்டு எண்ணினான். திங்கள், செவ்வாய், புதன். மூன்று விரலை என் முகத்துக்கு நேரே காட்டினான்.  அவனுக்கு இங்கே டாக்டரே பிராந்தியை அளந்து கொடுக்கிறார். அவன் கணக்கில் இன்னும் ஒரு விரல்கூட இல்லை. என்னுடையதைக் காட்டிச் சிரிக்கிறான்.

இவனை என்ன சொல்லித் திட்டுவது என்று யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஆறு மணிக்கு வந்தவர்கள் எல்லாரும் போக வேண்டும் என்று மணி அடித்தார்கள். த. எழுந்து துண்டை உதறிக்கொண்டார். நான் எழவில்லை. நர்ஸ் வந்து, நீங்கள் இவருக்கு யார் என்று கேட்டாள். ஒரே சங்கத்துக்காரன் என்றேன்.