முக்கோணத்துக்கு வெளியே விழுந்த கோடு

11-11-61, சனி

விடியற்காலையிலிருந்து மழை. மஞ்சக்குப்பம் முழுக்கச் சேறு. தலைமையாசிரியர் அனுப்பிய விடைத்தாள் கட்டு நனையாமல் வந்தது. கொண்டுவந்த பியூன் முழுக்க நனைந்திருந்தான். காப்பி கொடுத்தேன். சர்க்கரை குறைவு என்றான்.

அடுத்த சனிக்கிழமை சிதம்பரத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கான கணிதப் போட்டி. நம் மாவட்ட அணிக்கு ஐந்து பேர் வேண்டும். தேர்வு எழுதியவர்கள் அறுபத்து மூன்று. வினாத்தாள் தயாரித்தது நான், திருத்துவதும் நான். ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியைக்குப் பொழுது போகாது என்று ஊரில் ஓர் எண்ணம்.

விதிகள், வழக்கம்போல:
படிகள் இல்லையேல் பாதி மதிப்பெண்.
கையெழுத்துக்கு இரக்கம் இல்லை.
ஒரு கேள்விக்கு இரண்டு விடை எழுதினால் இரண்டையும் அடித்துப் பூஜ்யம். ஒன்றாவது படாதா என்று கல்லெறிபவர்களுக்கு நான் மாமரம் அல்ல.

மாலைக்குள் முப்பது தாள். எண் 27, ஏழாம் கணக்கு: "84 அல்லது 24". அடித்தேன். அதுவரை நல்ல தாள். கடைசியில் கோழைத்தனம்.

12-11, ஞாயிறு

முடிந்தது. முதல் ஐந்து எண்களை உறையிலிட்டு அனுப்பியாயிற்று. பெயர்கள் தலைமையாசிரியரிடம், எனக்கு எண்கள் போதும். 27 ஆறாவது. முதுகு வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

13-11, திங்கள்

கட்டைத் திருப்பி அனுப்பக் கயிறு தேடினேன். 27 மேலே கிடந்தது. பின்பக்கம் எதுவோ எழுதியிருந்தது. நேற்று முன்தினம் புரட்டவில்லை. புரட்டினேன்.

ஏழாம் கணக்கு என்னுடையது. முப்பது ஆண்டுகளாக வகுப்பில் போட்டது. ஒரு முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் 13, 15. அவை சேரும் முனையிலிருந்து மூன்றாம் பக்கத்துக்கு இறக்கிய செங்குத்து 12. பரப்பு என்ன? செங்குத்து அடிப்பக்கத்தை 5, 9 எனப் பிரிக்கும். கூட்டினால் 14. பரப்பு 84. சுபம்.

27 இரண்டு படம் போட்டிருக்கிறது. ஒன்று நான் எப்போதும் போடுவது. மற்றது ஒரு பக்கமாகச் சாய்ந்த முக்கோணம். செங்குத்து உள்ளே விழவில்லை. வெளியே, நீட்டிய கோட்டில் விழுகிறது. இப்போது 5-ஐயும் 9-ஐயும் கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும். அடிப்பக்கம் 4. பரப்பு 24.

இரண்டும் சரி. இரண்டையும் எழுதினால்தான் சரி.

நாற்காலியில் உட்கார்ந்தேன். அடுப்பில் ரசம் வற்றிப் புகைந்த பிறகே எழுந்தேன்.

முப்பது ஆண்டுகள். எத்தனை வகுப்புகள். ஒருமுறைகூட அந்த முக்கோணம் என் கரும்பலகையில் சாயவில்லை. பாதி விடை எழுதியவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண். முழு விடை எழுதிய ஒரே ஆளுக்கு முட்டை.

இன்னும் இருக்கிறது. பின்பக்கத்தின் அடியில், யாரும் கேட்காத ஒன்று: 12-ஐ ஒரு பக்கமாகக் கொண்டு, மற்றவையும் முழு எண்களாக, செங்கோண முக்கோணங்கள் நான்கே உண்டு. நான்கையும் எழுதி, "ஐந்தாவது கிடையாது" என்று ஆறு வரியில் நிறுவியிருக்கிறது. தேர்வு நேரத்தில். தனக்காக. மூன்று முறை சரிபார்த்தேன். ஐந்தாவது கிடையாது.

இவ்வளவு சுத்தமான ஆறு வரிகளை நான் எழுதியதில்லை.

14-11, செவ்வாய்

தூறல். ரிக்ஷாவில் பள்ளிக்கு. தலைமையாசிரியர் எழுந்து நின்றார், விஷயத்தைச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார்.

"லிஸ்டை போர்டுல ஒட்டியாச்சும்மா. ஒரு பையன் மிட்டாய் கூடக் குடுத்துட்டான்."

"தப்பு என்னுது. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"ரெண்டு விடை எழுதுனா அடிங்கன்னு எங்களுக்கே சொல்லிக் குடுத்தது நீங்கதானேம்மா!"

"கேள்விக்கே ரெண்டு விடை. நான்தான் ஒண்ணோட நிறுத்திட்டேன்."

பதிவேட்டைப் புரட்டினார். முகம் இன்னும் கொஞ்சம் நீண்டது. "இருபத்தேழு பொம்பளப் புள்ளம்மா. நெல்லிக்குப்பம். ஜொஹரா. நாலு பசங்களோட எப்பிடி அனுப்புறது? தொணைக்கு எந்த லேடி போவாங்க?"

"நான்."

"இந்த மழையிலயா?"

"போட்டிய மழைக்காகத் தள்ளி வெக்கலியே."

ஆகவே இந்த வயதில் மாவட்ட அணியில் எனக்கும் ஓர் இடம். துணை, பெண். சனியன்று அடித்த கோட்டின் மேல் இன்னொரு கோடு போட்டுப் பத்து மதிப்பெண் எழுதினேன். ஆறாவதிலிருந்து முதலாவது. பக்கத்தில் "திருத்தியவரின் பிழை" என்று எழுதிக் கையெழுத்து.

ஐந்தாமவன் விலக வேண்டும். சேகர் என்று பெயர், மிட்டாய் கொடுத்தவன். வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். அவனிடம் அந்தத் தாளைக் காட்டினேன். நியாயம் சொல்வதைவிட அது நல்லது என்று பட்டது. வெகுநேரம் பார்த்தான். கண் கலங்கியதா, தெரியவில்லை.

"அடேயப்பா. சாச்சிடுச்சே." பிறகு தலைமையாசிரியரிடம், "சார், ரிசர்வுன்னு ஒருத்தன் வேணுமில்ல? நான் வரேன் சார்."

"சும்மா ஒக்காரத்தான்டா வேணும்."

"சாப்பாடு உண்டுல்ல சார்?"

இவன் எங்கேயும் பிழைத்துக்கொள்வான்.

15-11, புதன்

மழை விட்டது. ஜொஹராவை அழைத்துக்கொண்டு அவள் மாமா வந்தார். நெல்லிக்குப்பத்தில் துணிக்கடை. தந்தை மலாயாவில்.

"வாப்பா ஊர்ல இல்ல. நாளைக்கு ஒண்ணுன்னா எனக்குத்தான் கேள்வி வரும். சிதம்பரம் ஒண்ணும் ஜாஸ்தி தூரமில்ல. ஆனா ஏம்மா, ரொம்பக் கணக்குப் போட்டா கண்ணு கெட்டுப் போவுமாமே?" என் தடித்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாமா, கம்முனு இருங்க."

அதுதான் அவள் பேசிய முதல் வாக்கியம். பதினைந்து வயது இருக்கும். ஒல்லி. முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொள்ளும் கை, நகங்களில் மை. பார்வைக்கு விசேஷம் ஒன்றுமில்லை.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. நேராகச் சொன்னேன்: "ஒன் கணக்க அடிச்சது நான்தான்."

"ரெண்டு எழுதுனா அடிப்பாங்கன்னு எங்க சாரு சொல்லியிருக்காங்க டீச்சர்."

"தெரிஞ்சேவா எழுதின?"

"ஒண்ண உட்டா பொய்யாயிடுமே."

எப்படி வெளியே போட்டுப் பார்க்கத் தோன்றியது என்று கேட்டேன்.

"உள்ளதான் உழணும்னு கேள்வியில போடலியே டீச்சர்."

கேள்வியை எடுத்துப் பார்த்தேன். போடவில்லை.

மாமா வருகிறாராம், அவரும். வரட்டும்.

18-11, சனி. சிதம்பரம் போய் வந்து, இரவு

காலை பாசஞ்சர். கொண்டுபோனவை: எலுமிச்சைச் சோறு, குடை இரண்டு, தைலம். வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. கீழே காவி நிறத்தில் தண்ணீர். பையன்கள் தூண்களை எண்ணினார்கள். ஜொஹரா தண்ணீரைப் பார்த்தாள்.

ஆறு மாவட்டங்கள். அணிக்கு ஒரு மேசை. துணைகளுக்குத் தாழ்வாரத்தில் பெஞ்சு. ஜன்னல் வழியே பார்த்தேன். முதலில் எங்கள் பையன்கள் அவளுக்கு முதுகைக் காட்டித் தமக்குள் பேசினார்கள். அரை மணியில் நான்கு நாற்காலிகளும் அவள் பக்கம் நகர்ந்திருந்தன. யாரும் நகர்த்திய மாதிரி தெரியவில்லை.

முடிவு: இரண்டாம் இடம். மாமா, "செகண்டுதானா?" சேகர் இரண்டு இலைச் சாப்பாடு. தலைமையாசிரியருக்குத் தந்தி.

கடைசிக் கணக்கை ஓர் அணியும் போடவில்லை. திரும்பும் வண்டியில் ஜொஹரா எனக்குச் சொன்னாள். எந்த ஆறு பேரை எடுத்துக்கொண்டாலும், ஒருவரையொருவர் அறிந்த மூவரோ, ஒருவரையொருவர் அறியாத மூவரோ கட்டாயம் இருப்பார்கள். நிறுவுக.

எண்ணே இல்லை. கூட்ட எதுவுமில்லை. இப்படியும் ஒரு கணக்கு இருக்கலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அவளும் நானும் பெட்டியில் இருந்தவர்களை ஆறு ஆறாக எடுத்துப் பார்த்தோம். மாமா ஒத்துழைக்கவில்லை: "எனக்கு எல்லாரையும் தெரியும்மா. அந்தக் கோடி சீட்டு பாயி கூட நம்ம கஸ்டமருதான்." தூங்கிவிட்டார்.

புதுச்சத்திரம் தாண்டியதும் தாளை மடித்தாள். "வந்துடிச்சு டீச்சர்."

மாமா திடுக்கிட்டு எழுந்தார். "ஸ்டேஷனா? எறங்கணுமா?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்லாதே என்றேன்.

19-11, ஞாயிறு

வெயில். துணி உலர்த்தவில்லை. சமையல் இல்லை, பழம்.

ஆறு புள்ளிகள். தெரிந்தவர்களுக்கு இடையில் கோடு, தெரியாதவர்களுக்குப் புள்ளிக்கோடு. மொத்தம் பதினைந்து. எப்படி மாற்றிப் போட்டாலும் எங்கோ ஒரு மூலையில் ஒரே வகைக் கோட்டில் ஒரு முக்கோணம் வந்து நிற்கிறது. பதினெட்டுத் தாள்கள். பதினெட்டிலும். வருவது தெரிகிறது, ஏன் வருகிறது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சிதம்பரத்திலிருந்து புதுச்சத்திரம் போதுமாக இருந்தது.

பத்து மணிக்கு முக்கோணம் இல்லாமல் ஒன்று போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். இடது ஓரம் பார்க்கவில்லை. இருக்கிறது.

இன்னொரு தாள்.