எழுதியவன் பாடுவதில்லை

ஒக்ரோபர் 13, திங்கள்

விடிய மழை, பத்து மணிக்கு வெயில். வெள்ளவத்தையில் காலி வீதிக் கடைகள் முழுக்கத் தீபாவளிச் சனம். வாங்கப் போனது: பிரஷர் குளிசை, பல்ப் இரண்டு, நல்லெண்ணெய். பல்ப் மறந்துபோனது.

நிரோஷனின் பார்சல் வந்திருந்தது. பம்பலப்பிட்டியில் பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடி வெளியிடுகிறவர். எங்கள் 'உப்புக் காற்று' இப்போது அவர் கையில். எழுபதுகளில் நானும் பெனடிக்டும் (பெனி) நடத்திய 'நீலக்கதவு' குழு போட்ட ஒரே தட்டு. எட்டுப் பாட்டு. கிட்டார், ட்ரம்ஸ், தமிழ். அந்த நாளில் வெள்ளவத்தையில் எங்களைப் பைத்தியம் என்றவர்கள்தான் இப்போது ஃபோன் எடுத்து வாழ்த்துகிறார்கள்.

பார்சலில், தட்டின் உறைக்குள் வைக்கும் தாள். யாரோ விமர்சகர் எழுதியது. நின்றபடியே வாசித்தேன்.

"பெனடிக்டின் பாடல்களில் ஆறாத ஓர் இழப்பு இருக்கிறது. இராசாவின் பாடல்கள் இலேசானவை. கேட்பவர் இடையில் மூச்சுவிட உதவுபவை."

நான் மூச்சுவிட உதவுபவன். ஜன்னல்.

மத்தியானம் சாப்பிடவில்லை. என் மனுசி: "அந்தத் தாளையோ சாப்பிட்டனீங்கள்?"

14, செவ்வாய்

புழுக்கம். மின்விசிறி கிறீச்சிடுகிறது, எண்ணெய் விட வேண்டும்.

விமர்சகர் குரலை வைத்துப் பிரித்திருக்கிறார். பெனி பாடிய நான்கும் பெனியுடையவை, நான் பாடிய நான்கும் என்னுடையவை என்று. பழைய உறையில் 'பாடல்கள்: பெனடிக்ட் – இராசா' என்று மட்டும்தான் இருந்தது (அங்கேயும் அவன் பெயர் முதலில்). அவரும் வேறு என்ன நினைப்பார்.

ஆனால் எங்கள் ஒழுங்கு வேறு. எழுதியவன் பாடுவதில்லை. முதல் வருஷம் யார் பாடுவது என்று அடிபிடிப்பட்டு, ட்ரம்ஸ் அடித்தவன் வெளிநடப்புச் செய்து, பிறகு நாங்களே போட்ட சட்டம். நீ எழுதினால் நான் பாடுவேன். என் வாயில் நிற்காத சொல்லை மாற்ற எனக்கு உரிமை. ஆகவே எல்லாம் தலைகீழ்.

எழுதிப் பார்த்தேன்.

என்னுடையவை, அவன் பாடியவை: ஈரச் செருப்பு. கறுத்த அலை. ஊரடங்கில் ஒரு நாய். வாடகை வீடு.

அவனுடையவை, நான் பாடியவை: பஸ்ஸில் ஒரு இடம். மூன்றாம் மாடி விளக்கு. ஞாயிறு பூசை. மாம்பழக்காரி.

மெட்டில் அவன் கெட்டி. கோயில் பாடகர் குழுவில் வளர்ந்தவன், நோட்ஸ் வாசிப்பான். எனக்கு ரேடியோ திருத்தும் கடைதான் பள்ளிக்கூடம். திருத்தி முடித்த ரேடியோவில் கேட்டுக் கேட்டு விரல் பழகியது. சொல்லில் நான். இதை யாரும் மறுக்க முடியாது. பெனி மறுப்பான்.

'ஈரச் செருப்பு' கப்பலில் போய்த் திரும்பாத என் அண்ணாவைப் பற்றியது. கடலில் குளித்துவிட்டு வாசலில் கழற்றிய செருப்பு, ஆள் போய்விட்டார், செருப்பு காயவில்லை. விமர்சகர் எழுதுகிறார்: "பெனடிக்ட் தன் குடும்பத்தில் யாரையோ கடலுக்குக் கொடுத்திருக்க வேண்டும்." என் அண்ணாவைத் தூக்கி அவன் வீட்டில் வைத்துவிட்டார்.

15, புதன்

நிரோஷனுக்கு ஃபோன். விளக்கினேன்.

"அங்கிள், அப்ப எல்லாம் மாறியோ?"

"எல்லாம்."

"ஐயோ. இத்தனை வருஷமா ஏன் அங்கிள் சொல்லேல்ல?"

"ஒருத்தரும் கேக்கேல்ல."

பின்னட்டை இன்னும் அச்சுக்குப் போகவில்லையாம், ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர் போடலாமாம். ஆனால் பெனி அங்கிளும் ஓம் என்று சொல்ல வேண்டும்.

"அவன் சொல்லுவான்" என்றேன். சொல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியாது. பெனியோடு கதைத்தது கடைசியாக எப்போது? அவன் மகளின் கலியாணத்தில். அதுவும் புரியாணி பற்றி.

மனுசி: "ஃபோனில கேளுங்கோவன்."

"நேரில கேக்கவேணும்."

"உங்களுக்கும் பெனி அண்ணைக்கும் ஒரு கலியாணத்தைக் கட்டி வைச்சிருக்கலாம். எனக்கும் நிம்மதி."

16, வியாழன்

கொட்டாஞ்சேனை, பெனி வீடு. இரண்டு பஸ். "இஸ்ஸரஹாட்ட, இஸ்ஸரஹாட்ட" என்று கண்டக்டர் முன்னுக்கு முன்னுக்குத் தள்ளியே மூச்சு முட்ட வைத்தான். என் வயதுக்கு ஒரு பெடியனும் எழும்பவில்லை.

பெனிக்கு முழங்கால் வீக்கம். கதிரையில் காலை நீட்டியபடி. தாளை அவனுக்குப் போன கிழமையே அனுப்பியிருக்கிறார்கள். சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில், செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது. மகள் ஒட்டியதாம்.

"என்னடா ராசா, தீபாவளிக்குப் பலகாரம் கொண்டு வந்தியா, சண்டை கொண்டு வந்தியா?"

"சண்டை."

"அப்ப உட்காரு. பிளேன் டீ போடச் சொல்றேன்."

சொன்னேன்.

"உன்ட பாட்டுதான் மச்சான். போடச் சொல்லு. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு மகள் தாள காட்ட, எல்லாரும் கைய புடிச்சாங்க. ஈரச் செருப்பு நான் எழுதினது இல்லன்னு சொன்னேன். அடக்கம்னு நெனச்சு இன்னும் இறுக்கிப் புடிச்சாங்க."

சிரித்தான். பிறகு சிரிக்காமல்: "பேர மாத்தினா, அந்த இலேசானது, மூச்சு விடறது எல்லாம் என் தலையில வந்து உட்காரும். பரவாயில்ல. உட்காரட்டும்."

எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. மூன்று நாள் யோசித்தும் தோன்றவில்லை.

பேச்சை மாற்ற, ஈரச் செருப்பின் கடைசிச் சரணத்துக்கு முன் வரும் இடைவெளியைக் கேட்டேன். அவன் அதில் பாடாமல் நின்றுவிடுவான், கிட்டார் மட்டும் தனியே போகும். விமர்சகர் அதற்கே ஒரு பந்தி எழுதியிருக்கிறார். நான் எழுதியதில் இடைவெளி கிடையாது. வரி மறந்துவிட்டான் என்று ஒலிப்பதிவு அன்றே ஏசினேன், இன்னொருமுறை எடுக்கக் காசு இருக்கவில்லை.

"மறக்கல்ல" என்றான். "உன்ட அண்ணா எனக்கு நீந்தப் பழக்கினவர்டா. வெள்ளவத்தைக் கடல்ல, அந்தக் கல்லுக்குக் கிட்ட. உனக்கும் பழக்கப் பாத்தார். நீ கத்திட்டு வீட்டுக்கு ஓடிட்டாய்."

"ஏன் அண்டைக்கே சொல்லேல்ல?"

"நீ ஏசிக்கொண்டிருந்தாய்."

பிளேன் டீயில் சீனி கூடிவிட்டது. திரும்பும்போது நல்ல மழை, ஓட்டோ பிடித்தேன்.

17, வெள்ளி

நித்திரை சரியில்லை. விடிய எழும்பி மின்விசிறிக்கு எண்ணெய் விட்டேன். இன்னும் கிறீச்.

நிரோஷன் ஃபோன். பெனி அங்கிள் ஓம் சொல்லிவிட்டார், பெயர் மாற்றலாம். ஆனால் உள்தாள் ஏற்கெனவே முழுதாக அச்சாகிவிட்டது. நாங்கள் பார்த்தது மாதிரித்தாள் அல்ல, அச்சான தாளேதான்.

"அப்ப தாளையும் பின்னட்டையையும் சேர்த்து வாசிக்கிற ஆள் என்ன நினைக்கும்?"

"உங்கட பாட்டெல்லாம் பெரிசு எண்டு நினைக்கும் அங்கிள். அதுதானே நீங்கள் கேட்டது?"

அதுதான் கேட்டது.

"தாளைப் போடாதேங்கோ."

"வெளிநாட்டில ஓடர் பண்ணின ஆக்கள் எல்லாம் தாளுக்காகத்தான் ஓடர் பண்ணினவை."

"அப்ப இரண்டு பேரின்ர பேரும் பழையபடி கிடக்கட்டும்" என்று சொல்ல வாய்வரை வந்தது. அண்ணா நினைவு. சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஈரச் செருப்பு என்னுடையது, என் பெயரில்தான் போகும்.

ஆனால் பெனியின் பஸ் பாட்டு இலேசானதல்ல. இதையும் விடமாட்டேன்.

நிரோஷனிடம் அதைத்தான் சொன்னேன், உரத்து, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பெனி இரத்மலானையில் வேலை செய்த காலம். ஒரு பெண்ணுக்காகப் பக்கத்து இடத்தில் பையை வைத்துப் பிடித்து வைப்பான். அவள் ஏறும் தரிப்பில் ஒருநாள் அவள் இல்லை. பாட்டில் ஒவ்வொரு தரிப்பிலும் நிற்கிற சனம் இடம் கேட்கும், அவன் 'பையை எடுக்கட்டா, வைக்கட்டா' என்பான். கச்சேரிக்கு வந்த சனம் சிரிக்கும். நானே மேடையில் சிரிப்பு மூட்டியிருக்கிறேன். கடைசியில் 'எடுக்கட்டா' மட்டும்தான், 'வைக்கட்டா' இல்லை. மெட்டு அந்த இடத்தில் கீழே இறங்காமல் அப்படியே நிற்கும். சிரித்துப் பாடினால் பொய், அழுது பாடினாலும் பொய். அந்த ஒரு சொல் எனக்குப் பிடிபட ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. இப்படி ஒன்று என்னால் எழுத முடியாது.

இந்தக் கடைசி வசனத்தை ஃபோனில் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

"அங்கிள், நீங்கள் அவரோட சண்டையா, அவருக்காகச் சண்டையா?"

"உம்மோட சண்டை."

சிரித்தார். பின்னட்டையில் பெயர்களுக்குக் கீழே மூன்று வரிக்கு இடமிருக்கிறதாம். ஞாயிறுக்குள் எழுதித் தரட்டாம்.

18, சனி

எழுதியவை, வெட்டியவை:

"பெனடிக்டின் பாடல்களின் ஆழத்தை விமர்சகர் உணரவில்லை." (நானே விமர்சகன் மாதிரி. வெட்டு.)

"என் நண்பன் பெனடிக்ட் ஒரு மாபெரும்." (மேற்கொண்டு கை போகவில்லை.)

"இருவரும் சமம்." (பொய். மெட்டில் அவன், சொல்லில் நான். பஸ் பாட்டில் சொல்லிலும் அவன்.)

மனுசி முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தா. வாசித்துக் காட்டினேன்.

"செத்தவீட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கு. பெனி அண்ணை இன்னும் சாகேல்ல. எனக்குச் சொன்னதை எழுதுங்கோ."

"என்ன சொன்னனான்?"

"நேற்று முழுக்கக் கத்தினீங்களே. பாடிப் பாத்தால் தெரியும் எண்டு."

உடைந்த முறுக்கெல்லாம் எனக்கு.

19, ஞாயிறு

வெயில். ஒழுங்கையில் விடியவே பெடியள் வெடி கொளுத்துகிறார்கள், தீபாவளி நாளைக்குத்தான்.

நிரோஷனுக்கு அனுப்பியது:

"எங்கள் குழுவில் எழுதியவன் பாடுவதில்லை. ஈரச் செருப்பு நான் எழுதியது. அதன் இடைவெளி பெனியுடையது. பஸ்ஸில் ஒரு இடம் பெனி எழுதியது. இலேசான பாட்டு என்கிறவர் அதை ஒருமுறை பாடிப் பார்க்கட்டும். – இராசா"

பூசை முடிந்து வந்திருப்பான் என்று பெனிக்கு ஃபோன் எடுத்து வாசித்தேன். மூக்கை உறிஞ்சினான், சளித் தடிமனாக இருக்கலாம்.

பிறகு: "மச்சான், பெனி பெனின்னு போட்டிருக்கிறாய். கடைக்காரன் கூப்பிடற மாதிரி. முழுப் பேர் போடு."

அவன் முழுப்பெயர் ஞானஸ்நானப் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்ஸ் ரயில். நிரோஷனிடம் சொன்னேன். இடம் காணாது அங்கிள், எழுத்தைச் சின்னதாக்க வேண்டும் என்றார்.

எல்லா எழுத்தையும் ஒரே அளவில் சின்னதாக்கச் சொன்னேன்.