புருவத்துக்கு மேல் ஒரு விரக்கடை

பாப்பாவோட அம்மாவுக்கு,

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன், நீ சிரிக்கலாம். நேற்று ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ்ஸில், முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்குத் தலை சீவிவிட்டேன்.

முன் சீட்டில் அம்மா தோளில் சாய்ந்து, பின்னால் என்னையே பார்த்துக்கொண்டு வந்தது அந்தப் பெண் பிள்ளை. ஐந்து வயது இருக்கும். பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியதும் அடித்த காற்றில் முன் முடியெல்லாம் கண்ணில் விழுந்தது. என் கை என்னைக் கேட்கவில்லை. பிள்ளையின் கிளிப்பைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, இடது உள்ளங்கையை அதன் நெற்றியில் வைத்துக்கொண்டு ஒரு இழுப்பு. அடுத்த இழுப்புக்குச் சீப்பு முடியில் இறங்கியதும் அந்த அம்மா திரும்பிவிட்டது.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

"முடி கண்ணுல குத்துதும்மா..."

கண்டக்டர் சும்மா இருப்பானா? என் தலையைப் பார்த்தான். அதில் சீப்புக்கு வேலை போய் வருஷக்கணக்காகிறது.

"பெரியவரே, உங்க தலையில ஒண்ணும் இல்லேன்னு அடுத்தவங்க தலைக்கு வந்துட்டீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஐம்பதைத் தொடாதவனைப் பெரியவர் என்கிறான், அதற்கும் சேர்த்துச் சிரித்தேன். ஆனால் உட்கார முடியவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கி, பாலக்கரைக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் நீதான்.

பாப்பாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப்போகிற வருஷம் அது. இடுப்பு வரை முடி அதற்கு. நீ எண்ணெய் தடவி, ரெட்டை ஜடை பின்னி, ரிப்பனை மடித்துக் கட்டி முடிப்பதற்குள், நான் திருவெறும்பூர் வேலைக்கு பஸ் பிடிக்க ஓடியிருப்பேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு நீ போய்வர ஆரம்பித்திருந்தாய். டாக்டர் என்னிடம் "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். உன்னிடம் என்ன சொன்னாரோ. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாய்.

"பாப்பாவுக்கு முடிய வெட்டிடலாங்க."

"ஏண்டி, ஜடை போடச் சோம்பலா?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய். "ஆமா. சோம்பேறிதான் நான். வெட்டிடலாம்."

என் வாய் இருக்கிறதே, அது எனக்கு முன்னால் பிறந்தது.

நம் வரிசையில் கடைசி வீட்டில் ஒரு பெண் பிள்ளை இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா இறந்துபோக, அப்பன் பேனுக்குப் பயந்து ஒட்ட வெட்டிவிட்ட தலை. அது குடத்தோடு வந்தால் குழாயடியில் எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள். "அந்தத் தலையே போய் எல்லார்கிட்டயும் சொல்லிடுதுங்க, எனக்கு அம்மா இல்லேன்னு" என்று ஒரு தடவை சொன்னாய். யாரோ வீட்டுக் கதை என்று கேட்டுக்கொண்டு, இன்னொரு கரண்டி ரசம் கேட்டேன்.

அப்புறம் நீ ஊரில் ஒரு பிள்ளையின் தலையை விடவில்லை. கோயிலுக்குப் போனால் கோபுரத்தைப் பார்க்காமல் பக்கத்துக் குழந்தையின் பிடரியைப் பார்த்தாய். கான்வென்ட் விடுகிற நேரத்துக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றாய். "மாப்பிள்ளை பாக்கக்கூட உங்கப்பன் இவ்வளவு அலையலடி" என்றேன். "அதான் இப்படி மாட்டிக்கிட்டேன்" என்றாய்.

எதிர் வீட்டு அக்கா கேட்டது: "பொம்பளப் புள்ளைக்குப் போய் கிராப்பா? நாளைக்கு எவன் கட்டுவான்?"

"அதுக்குள்ள வளந்துடும்க்கா" என்றாய்.

சலூனுக்குள் பெண்கள் வருவதில்லை. நீ வாசல்படிக்கு வெளியே, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நாற்காலிக் கைகளின் மேல் பலகையைப் போட்டுப் பாப்பாவைத் தூக்கி உட்காரவைத்தார் கடைக்காரர்.

"கிராப்பா அடிச்சிடவாக்கா?"

"கிராப் வேணாம். காது பாதி மறையணும். அவங்கப்பா காது, துருத்திக்கிட்டு நிக்கும். பின்னாடி காலர்ல படக்கூடாது. முன்னாடி புருவத்துக்கு மேல ஒரு விரக்கடை, விரல் அகலந்தான்."

"இதுக்குப் பேரு என்னக்கா?"

"பேரெல்லாம் வேணாம். எண்ணெய் வைக்காட்டியும் படிஞ்சு நிக்கணும். அவ்வளவுதான்."

வெட்டி முடித்ததும் உன் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பழுப்புச் சீப்பை என்னிடம் நீட்டினாய்.

"நீங்க சீவுங்க."

சீவினேன். உள்ளே எட்டி, பாப்பா தலையைக் கலைத்துவிட்டாய். "இன்னொரு வாட்டி." சீவினேன். மறுபடியும் கலைத்தாய். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நெனச்சுக்கிட்டுச் சீவுங்க."

அப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தேன். முன்னால் பாப்பா, பின்னால் நான், எனக்குப் பின்னால் வாசலில் உன் முகம். நீ பாப்பாவைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இரண்டே இழுப்பில் சீவி முடித்தேன்.

"போதும்" என்றாய்.

தெருவில் பாப்பா முன்னால் குதித்துக்கொண்டு போனது. நீ என்னைக் கேட்டாய், "பாத்தா எப்படித் தெரியுது? அழகுக்கு வெட்டினதா, ஆள் இல்லாம வெட்டினதா?"

"அழகுக்குத்தான்" என்றேன். குனிந்து, கழலாத செருப்பைச் சரிசெய்தேன். நீ கண்டுகொள்ளாத மாதிரி நடந்தாய்.

ஐப்பசி மழையோடு நீயும் போய்விட்டாய்.

முடி வளர வளர நான்தான் சலூனுக்குக் கூட்டிப்போனேன். உள்ளே உட்கார நாற்காலி இருந்தும் நீ நின்ற இடத்திலேயே நின்று, நீ சொன்னதையே சொன்னேன். காது பாதி, காலரில் படாமல், புருவத்துக்கு மேல் ஒரு விரக்கடை. கடைக்காரருக்கு மனப்பாடம்தான். ஆனாலும் நான் சொல்லி முடிக்கும்வரை கத்தரியை எடுக்கமாட்டார்.

ஒரு நாள் பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை இறக்காமலே சொன்னது: "அப்பா, டீச்சர் அம்மாவ வரச் சொன்னாங்க."

"எதுக்கும்மா?"

"என் முடி நல்லாயிருக்காம். அவங்க பாப்பாவுக்கும் இதே மாதிரி வெட்டணுமாம். எப்படின்னு அம்மாகிட்ட கேக்கணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"அப்பாவ அனுப்புறேன்னு சொன்னேன்."

இத்தனை மாசம் கூடவே இருந்த டீச்சருக்கே தெரியவில்லை. நீ ஜெயித்துவிட்டாய். கொல்லைக்குப் போய், தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு முகத்தில் அடித்துக்கொண்டேன். மறுநாள் போய் டீச்சரிடம் காது, காலர், விரக்கடை எல்லாம் சொன்னேன். "யார் இவ்வளவு கணக்கா யோசிச்சது?" என்றார்கள். "வீட்ல" என்றேன். பொய் இல்லையே.

பாப்பா கல்யாணமாகி கே.கே. நகரில் இருக்கிறது. முடி இடுப்பைத் தாண்டிவிட்டது, தானே பின்னிக்கொள்கிறது. நான் சீவிவிட இந்த ஊரில் தலை இல்லை. ஆனாலும் காலையில் சட்டை போட்டதும் அந்தப் பழுப்புச் சீப்பைப் பையில் வைக்காமல் வாசலைத் தாண்டியதில்லை. ஓரத்துப் பல் இரண்டு போய்விட்டது. மற்றபடி அன்றைக்கு நீ நீட்டிய அதே சீப்புதான்.

நேற்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டப் போனேன். பையில் சீப்பு இல்லை. அந்தப் பிள்ளையின் சிவப்புக் கிளிப் இருந்தது.